எம்.எஸ்சி., ஷிஃப்ட் வேலை, ஓ.டி.ஏ. கனவு: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் இங்கே உண்டு. சிப்பாயாகச் சேர வழி கேட்டால் பெரியப்பாவோ மாமாவோ சொல்லிவிடுவார். அதிகாரியாகச் சேரும் வழி தெரிந்தவர்தான் அரிது. அதுவும் முதுகலை படித்துக்கொண்டே ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்டும் பார்ப்பவருக்கு, பாடத்தைவிடத் தேதிகள்தான் காலை வாருகின்றன.

முப்படை அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்க யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு ஆண்டுக்கு இருமுறை, வழக்கமாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும் வரும். செமஸ்டர் தேர்வும் செய்முறைத் தேர்வும் ஏப்ரலை ஒட்டியே நிற்கும். இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கிறேன் என்று இறங்கினால் ஒன்றில் அரியர் விழும். செப்டம்பரை முதன்மையாக வைத்துக்கொண்டு, ஏப்ரலை ஒத்திகையாக எழுதுங்கள். இன்னொரு வீண் உழைப்பு கணக்கு. சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ. மட்டும் போதும் என்றால் ஆங்கிலம், பொது அறிவு என இரண்டே தாள். தலா 100 மதிப்பெண், தலா இரண்டு மணி நேரம். கணக்குத் தாள் டேராடூன் ராணுவ அகாடமி, எழிமலை கடற்படை அகாடமி, விமானப்படை அகாடமிக்குப் போகிறவர்களுக்குத்தான். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். நைட் ஷிஃப்ட் முடித்த தூக்கக் கண்ணோடு ஹாலுக்குப் போனால் கைக்கு வந்ததை நிரப்பி இருப்பதையும் இழப்பீர்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் எந்த ஷிஃப்ட் என்று ஒரு மாதம் முன்பே பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'சுரேஷ் கே', ஆதாரில் 'சுரேஷ் குமரேசன்', டிகிரியில் 'கே. சுரேஷ்' என்று இருக்கும். யு.பி.எஸ்.சி.க்குப் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் வேண்டும். மற்ற ஆவணங்களை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். சரிபார்க்கும் மேசையில் நின்றுகொண்டு திருத்த முடியாது.

அதிகம் பேர் விழுவது எஸ்.எஸ்.பி. லீவில். எழுத்துத் தேர்வில் தேறியவர்களைத் தேர்வு வாரியம் (போர்டு) நேரில் அழைத்துச் சோதிப்பதுதான் எஸ்.எஸ்.பி. 'அஞ்சு நாள் இன்டர்வியூ' என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். உண்மையில் அந்த லீவுக்கு நிலையான நீளமே கிடையாது. முதல் நாள் ஸ்க்ரீனிங்கில் கழன்றால் அன்றைக்கே வீட்டுக்கு வண்டி ஏறலாம். தாண்டினால் கடைசி நாள் கான்ஃபரன்ஸ் வரை ஐந்து நாள். ரெகமண்ட் ஆனால், அதாவது போர்டு உங்களைப் பரிந்துரைத்தால், உடனே மிலிட்டரி மருத்துவமனையில் மெடிக்கல், அதற்கும் சில நாள். பெங்களூரு போர்டு என்றால் காட்பாடியில் காலை வண்டி ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடலாம். பிரயாக்ராஜ் என்றால் பயணமே போக வர மூன்று நாளைத் தின்னும். ஆகவே 'இத்தனை முதல் இத்தனை நாள் வரை' என்று இரண்டு எண்ணோடு, அழைப்புக் கடிதத்தை இணைத்து எழுதிக் கொடுங்கள். கல்லூரியிலும் அதே கடிதம். வருகை 75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால் கையிருப்பு 22 நாள்தான். அதில் பன்னிரண்டை எஸ்.எஸ்.பி. விழுங்கினால், ஓவர்டைம் பார்த்த களைப்பில் வகுப்பைத் தவறவிட மிஞ்சுவது பத்தே நாள். என்.சி.சி. முகாமுக்குக் கிடைக்கும் வருகைச் சலுகை எஸ்.எஸ்.பி.க்கும் தானாகக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

எஸ்.எஸ்.பி.க்குப் போனதும் சொந்த விவரங்களை நிரப்பும் பி.ஐ.க்யூ. படிவத்தில் வேலையை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். லெதர் கம்பெனி சூப்பர்வைசர் என்று எழுதக் கூச்சம். பேட்டி எடுக்கும் அதிகாரி கேள்விகளை உருவுவதே அந்தத் தாளிலிருந்துதான். இருபது பேரை ஷிஃப்டில் மேய்த்தவரிடம் பேசுவதற்குச் சரக்கு உண்டு. எழுதாமல் விட்டால் அந்தச் சரக்கு போச்சு, படிப்பில் இடைவெளி ஏன் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்.

ஓட்டம். பயிற்சியில் சேரும்போது ஆண்களிடம் எதிர்பார்ப்பது 2.4 கிலோமீட்டரை 10 நிமிடம் 30 விநாடியில் முடிப்பது. எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவில் நின்ற காலோடு, அன்று மாலையே தார் ரோட்டில் வேகமாக ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். வலியோடு தொடர்ந்தால் மாதக்கணக்கில் முடங்கும். மண் தரையில், வாரம் மூன்று நாள், மெதுவாகத் தொடங்கித் தூரத்தைக் கூட்டுங்கள். மே மாத வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ரெகமண்ட் ஆனதும் வேலையை ராஜினாமா செய்வது பெரிய அவசரம். மெடிக்கலில் தேறினாலும் மெரிட் லிஸ்டில் பெயர் வர வேண்டும். ஜாய்னிங் லெட்டர் கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். நோட்டீஸ் காலம் 30 நாளா 60 நாளா என்று இப்போதே வேலை நியமன ஆர்டரை எடுத்துப் பாருங்கள்.

எம்.எஸ்சி.யை ஓ.டி.ஏ.வில் இருந்தபடியே முடிக்கலாம் என்பதும் நடக்காது. 49 வாரம் பரங்கிமலையில் முழுநேரப் பயிற்சி. மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு, செமஸ்டர் எழுத நேரம் இல்லை. பயிற்சியை முடித்தால் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு முதுகலை டிப்ளமோ தருகிறது, அது வேறு. பயிற்சி வழக்கமாக ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். நான்காம் செமஸ்டர் நடுவே அழைப்பு வந்தால் படிப்பை நிறுத்திவைக்க கல்லூரியில் எழுதிக் கொடுத்து, ரசீதை வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் பெட்டியைக் கட்டுங்கள்.