அந்தக் கல் எந்த ஊர்க் கல்? ஆன்லைனில் புதைபடிவம் வாங்கும்போது தவிர்க்க வேண்டியவை

வேலூர், ஆற்காடு பக்கம் புதைபடிவம் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. எங்கு திரும்பினாலும் பாறைதான், ஆனால் அதில் புதைபடிவம் கிடையாது. நம்மைச் சூழ்ந்த குன்றுகளும் ஜவ்வாது மலையும் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானவை. எலும்பும் ஓடும் இலையும் தங்குவதோ, சேறும் மணலும் படிந்து இறுகிய பாறையில். அதனால் அசல் எப்படி இருக்கும் என்று கண் பழகாமலேயே ஆர்டர் போட்டுவிடுகிறோம். 'ஜவ்வாது மலையில் கிடைத்த மீன் படிவம்' என்று யாராவது விற்றால் விலைகூடக் கேட்காதீர்கள்.

பெரிய தவறு, கிடைத்த இடத்தைக் கேட்காமல் வாங்குவது. 'மொராக்கோ' என்ற பதில் மட்டும் போதாது. எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு, என்ன உயிரினம், எந்தெந்தப் பகுதி ஒட்டியது அல்லது செயற்கையாக நிரப்பியது என்று எழுத்தில் வாங்குங்கள். நேர்மையாக விற்பவருக்கு இது சாதாரணக் கேள்வி. விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழ் இதற்கு ஈடாகாது.

அதிகம் ஏமாறுவது ட்ரைலோபைட்டில். 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அடியோடு அழிந்துபோன கடல் உயிரினம் அது. மொராக்கோவிலிருந்து நிறைய வருகிறது. அங்கே பாறையை உடைத்துப் பார்த்துத்தான் உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆகவே அசலில் பெரும்பாலும் ஒரு விரிசல், பாறையிலும் உயிரினத்தின் மேலும் தொடர்ந்து ஓடும். அதைப் பசை வைத்து ஒட்டிய தடமும் தெரியும். பலர் விரிசல் உள்ளதை ஒதுக்கிவிட்டு, ஒரு கீறலும் இல்லாததைத் தேடி எடுக்கிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில் பார்த்தால், ரெசினில் வார்த்த போலியில் காற்றுக் குமிழி விட்ட நுண்குழிகள் தெரியும். ஃபேகாப்ஸ் என்ற ட்ரைலோபைட் வகையின் கண்ணில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வில்லைகள் இருக்க வேண்டும். போலியில் அவை மழுங்கிப்போயிருக்கும். பாறையிலேயே செதுக்கிய போலிகளும் உண்டு. புதிதாகக் கொத்திய அம்மியைப் பார்த்த கண்ணுக்கு அந்த உளித்தடம் தப்பாது. ஒன்று கவனியுங்கள்: அசலைச் சுற்றியுள்ள பாறையிலும் கருவித் தடம் இருக்கும், அது சுத்தம் செய்ததால் வந்தது. உடலின் மேலேயே தடம் இருந்தால்தான் சந்தேகம்.

விற்பவரின் மற்ற படங்களையும் பாருங்கள். இரண்டு கற்களில் வளைவும் உடைசலும் அப்படியே ஒன்றுபோல இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

பாதி உண்மை இன்னும் ஆபத்து. மொசாசார் என்ற அழிந்துபோன கடல் ஊர்வனத்தின் பல் அசலாக இருக்கும். அது பதிந்திருக்கும் தாடை மணலும் பசையும் சேர்த்துச் செய்ததாக இருக்கும். இருட்டறையில் யூவி டார்ச் அடித்தால், பசையும் ரெசினும் பல நேரம் தனி நிறத்தில் ஒளிரும்.

ஆம்பருக்கு, அதாவது கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசினுக்கு, உப்புத் தண்ணீர் சோதனையைப் பலரும் செய்கிறார்கள். உப்பு இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த நீரில் ஆம்பர் மிதக்கும். கண்ணாடியும் பல வகை பிளாஸ்டிக்கும் மூழ்கும். சரி, ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. கோபல் என்ற இளம் பிசினும் மிதக்கும். மறைவான மூலையில் ஒரு துளி அசிட்டோன் விட்டால் கோபல் பிசுபிசுக்கும்.

சோளிங்கர் பக்கத்து வைணவ வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமங்களில் பல, நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரினம்) படிவங்கள். பக்தியோடு வாங்குகிறவர்களிடம் கறுப்புக் கல்லில் சக்கரம் செதுக்கி விற்பது மனதைச் சுடுகிறது. அம்மோனைட் உள்ள கல்லில் சுருளின் குறுக்கே விலா எலும்பு போன்ற வரம்புகள் இருக்கும். போலியில் மேலே இழுத்த கோடு மட்டும்தான். அப்புறம், பெரணி இலைப் படிவம் என்று விற்கும் கற்களில் சில, பாறை இடுக்கில் மாங்கனீசு கிளை கிளையாகப் படிந்தவை. இயற்கையானதுதான், ஆனால் ஒருநாளும் உயிரோடு இருந்ததல்ல. இலைக்குரிய நரம்பு அதில் இருக்காது.

வாங்கும் முன் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கோ அரியலூர் மாவட்டம் வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ ஒருமுறை போய், அசலைக் கிட்ட நின்று பாருங்கள். ரிட்டர்ன் கிடையாது என்பவரிடம் வாங்கவே வேண்டாம். பார்சலைப் பிரிக்கும்போது முழுதாக வீடியோ எடுங்கள். லென்ஸ், டார்ச் சோதனைகளை அன்றைக்கே முடியுங்கள். அசிட்டோனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கறை பட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.