ஒரு ஆர்டரின் கணக்கு தெரியாமல் ஆன்லைன் கடை திறக்காதீர்கள்

இணையத்தில் விற்கலாம் என்று முடிவு செய்தவுடன் பலர் முதலில் இறங்குவது வெப்சைட் வேலையில்தான். லோகோ, தீம், நிறம் என்று மாதக்கணக்கில் ஓடிவிடும். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு, பணம் வருவதிலிருந்து பார்சல் போய்ச் சேரும்வரை என்னென்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வியாபாரமும் தொழில்நுட்பமும் அந்த ஒரு தாளிலேயே பிடிபட ஆரம்பிக்கும்.

வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவர் ஒருவர் கிலோ 450 ரூபாய் என்று விலை வைக்கிறார், டெலிவரி இலவசம் என்று வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 220, பெட்டிக்கு 25. மிச்சம் 205 ரூபாய் லாபம் என்று தோன்றும். ஆனால் கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அதில் வருவதும் உண்மையான எடையும், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 30 × 25 × 20 பெட்டியில் ஒரு கிலோ முறுக்கை வைத்தால் கணக்கில் அது 3 கிலோ. கிலோவுக்கு 60 ரூபாய் என்றாலும் 180 போய்விடும். வாடிக்கையாளரிடம் இணையத்தில் பணம் வாங்கி நமக்குத் தரும் சேவையான பேமென்ட் கேட்வே 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுத்தால் இன்னொரு 10 ரூபாய் 62 காசு. கையில் நிற்பது 14 ரூபாய் சொச்சம்தான். அதே முறுக்கு 24 × 20 × 15 பெட்டியில் அடங்கினால் 1.44 கிலோ. அரைக் கிலோ கணக்கில் ஏற்றினாலும் ஒன்றரைக் கிலோவுக்கு 90 ரூபாயோடு முடிந்துவிடும். விளம்பரத்துக்குச் செலவழிக்கும் முன் பெட்டியை மாற்றுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரியை யோசிக்காமல் திறந்துவிடுவது அடுத்த தவறு. வாங்க மறுத்துத் திரும்பி வரும் பார்சலுக்குப் போகிற கட்டணமும் நம் தலையில், வருகிற கட்டணமும் பெரும்பாலும் நம் தலையில். உடைந்து வந்த முறுக்கை மறுபடி விற்கவும் முடியாது. கெட்டுப்போகிற பொருளுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் மட்டும் என்று வைப்பதே சரி.

தொழில்நுட்பத்தில் நான் அதிகம் கவலைப்படுவது பணம் வந்ததை உறுதிசெய்யும் இடத்தைப் பற்றி. வாடிக்கையாளர் யூபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டுகிறார். அப்புறம் நம் தளத்துக்குத் திரும்பி வராமலே போனை வைத்துவிடுகிறார். 'நன்றி' பக்கம் திறந்தால்தான் ஆர்டர் பதிவாகும் என்று தளத்தை எழுதியிருந்தால், பணம் வந்திருக்கும், ஆர்டர் இருக்காது. கேட்வே நம் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவலை, அதாவது வெப்ஹூக்கை, உண்மையிலேயே கேட்வே அனுப்பியதுதானா என்று அதிலுள்ள டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, அதை வைத்துத்தான் ஆர்டரை உறுதிசெய்ய வேண்டும். அதே தகவல் இரண்டு முறை வரலாம். இரண்டு பார்சல் கிளம்பிவிடக் கூடாது. விலையையும் பிரவுசர் சொல்வதை நம்பாமல் சர்வரே கணக்கிட வேண்டும். நீங்களே புரோகிராம் எழுதாவிட்டாலும், எழுதித் தருபவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

ஜிஎஸ்டியில் ஒரு குழப்பம் உண்டு. '40 லட்சம் வரை பதிவு வேண்டாம்' என்பது மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கான வரம்பு. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், சில கைவினைப் பொருள்கள் நீங்கலாக, விற்பனை எவ்வளவு சிறியதானாலும் பதிவு தேவை. அமேசான் போன்ற பெரிய சந்தைத் தளங்கள் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிக்கு 2023 அக்டோபர் 1 முதல் நிபந்தனைகளோடு இந்தப் பதிவிலிருந்து சலுகை உண்டு. சென்னைக்கு அனுப்புவதும் பெங்களூருக்கு அனுப்புவதும் இங்கே ஒன்றல்ல. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண்ணும் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

கடையைத் திறப்பதற்கு முன், 10 ரூபாய்க்கு ஒரு சோதனைப் பொருளை வைத்து, வீட்டில் யாரையாவது அவர்கள் போனிலிருந்து வாங்கச் சொல்லுங்கள். பணம் கட்டியதும் பிரவுசரை மூடச் சொல்லுங்கள். ஆர்டர் பதிவாகிறதா, இருப்பில் ஒன்று குறைகிறதா, அவர்களுக்குச் செய்தி போகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பி, அது அவர்கள் கணக்கில் ஏற எத்தனை நாள் ஆகிறது என்பதையும் கவனியுங்கள். வாடிக்கையாளர் கேட்கும்போது அந்த நாள் கணக்கைத்தான் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.