இரண்டு விவிலியங்களை ஒப்பிட்டு வாசிக்கையில் நேரும் தவறுகள்

காலை நடைப்பயிற்சி முடிந்ததும் பூங்காவின் கல் இருக்கையில் அமர்ந்து மாற்கு நற்செய்தியை வாசிக்கும் வழக்கம் நண்பர்களாகிய எங்கள் நால்வருக்கு உண்டு. இருவர் கையில் ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த பழைய திருப்புதல் (மொழிபெயர்ப்பு) இருக்கும். மற்ற இருவரிடம் கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருக்கும். ஒரே வசனம் இரண்டு விதமாக ஒலித்தவுடன் “எது சரி?” என்று கேட்டுவிடுவதே நாங்கள் முதலில் செய்த தவறு. வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்காமல் சரி, தவறு என்று தீர்ப்பளிக்க இயலாது.

பழைய தமிழைப் பழுதான தமிழாகக் கொள்வது பலரும் செய்யும் பிழை. 23-ஆம் சங்கீதத்தின் “நான் தாழ்ச்சியடையேன்” என்னும் சொற்களை, ‘நான் இழிவுபட மாட்டேன்’ என்று விளக்கிப் பேசிய ஒருவரைக் கேட்டிருக்கிறேன். தாழ்ச்சி என்பதற்குக் குறைவு என்ற பொருளும் உண்டு. எபிரேயச் சொல் சுட்டுவதும் குறைவுபடுதலையே. “எனக்கேதும் குறையில்லை” என்னும் புதிய மொழிபெயர்ப்பு இதற்கு மாறாக எதையும் சொல்லவில்லை. நாம் மறந்துபோன பொருளை நினைவூட்டுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான தவறு, காதுக்குப் பழகிய சொல்லையே மூலத்தின் சொல்லாக நினைத்துக்கொள்வது. ‘தேவன்’ என்பதை விட்டுக் ‘கடவுள்’ என்று எழுதியதில் வருத்தப்படுவோர் இன்றும் உள்ளனர். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி பப்ரிசியுஸ் செய்த திருப்புதலில் அந்த இடத்தில் ‘பராபரன்’ இருந்தது. அதில் ஊறிய லுத்தரன் திருச்சபையினர், பவரின் திருப்புதல் வந்த பின்னரும் நெடுங்காலம் அதைக் கைவிடவில்லை. இன்றைக்குப் பழமையாகத் தோன்றும் ‘தேவன்’ அன்று புதுமையாக வந்து அமர்ந்த சொல்.

தமிழ் இலக்கணம் வற்புறுத்துவதை மூலநூலின் மேல் ஏற்றுவது இவற்றைவிட நுட்பமான தவறு. எங்கள் வாக்குவாதங்களில் பாதி இதிலிருந்தே பிறந்தன. கிரேக்கத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பிரிவு இல்லை. முன்னிலை ஒருமையில் மரியாதைப் படிகளும் இல்லை. தமிழில் எழுதுபவரோ ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். புயலில் சிக்கிய படகில் சீடர்கள் இயேசுவை எழுப்பும் இடத்தை (மாற்கு 4:38) பழைய திருப்புதல் “நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்கிறது. கேட்கப்படுபவரும் அதே படகில்தான் இருக்கிறார் என்றாலும் ‘நாங்கள்’ அவரை விலக்கி நிறுத்துகிறது. புதிய மொழிபெயர்ப்போ “சாகப்போகிறோமே” என்று வினைமுற்றிலேயே முடித்து, அந்தக் கேள்வியைத் திறந்தபடி விட்டுவிடுகிறது. சீடர்கள் அவரைச் சேர்த்துச் சொன்னார்களா, விலக்கிச் சொன்னார்களா என்பதைக் கிரேக்கச் சொல்லை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆகவே அந்த ‘நாங்கள்’ மீது ஒரு பிரசங்கத்தையே கட்டி எழுப்புவது ஆபத்தானது.

யோவான் நற்செய்தியில் வரும் கானாவூர்த் திருமணமும் இப்படித்தான். “ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன” என்று மகனாகிய இயேசு தாயிடம் சொல்வதைத் தமிழ்க் காது தாங்குவதில்லை. பழைய திருப்புதல் சொல்லுக்குச் சொல் மூலத்தைப் பின்பற்றுகிறது; ஆனால் அந்தக் கிரேக்க விளி அக்காலத்தில் அவமதிப்பான விளியன்று. “அம்மா, அதைப்பற்றி நாம் என்ன செய்ய முடியும்?” என்னும் புதிய மொழிபெயர்ப்பு விளியின் தொனியைக் காப்பாற்றினாலும், எபிரேய மரபிலிருந்து வந்த அந்தக் கேள்வியிலுள்ள விலகலை மென்மையாக்கிவிடுகிறது என்பது என் கருத்து. இங்கே இரண்டையும் அருகருகே வைத்தால்தான் பொருள் முழுமையாகக் கிடைக்கிறது.

“வசனத்தை வெட்டிவிட்டார்கள்” என்ற குற்றச்சாட்டை அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. 1 யோவான் 5:7-இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் பரலோகத்தில் சாட்சியிடுவதாகப் பழைய திருப்புதலில் உள்ள பகுதி புதியதில் காணப்படாது. பழமையான கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அப்பகுதி இல்லை. அறிஞர் எராஸ்முஸ் 1522-இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் மூன்றாம் பதிப்பின் வழியாகவே அது பின்னர் அச்சான கிரேக்க நூல்களில் பரவியது. புதியது வெட்டியதா, பழையது பெற்றுக்கொண்டதா என்பதை அறிய அடிக்குறிப்பைப் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அடிக்குறிப்பைப் பார்ப்பதே இல்லை.

விவிலிய நூல்களின் பெயர்கள் இரண்டிலும் வேறாக இருப்பது சிறிய தொல்லை. பிரசங்கியைத் தேடுபவர் சபை உரையாளரையும், யாத்திராகமத்தைத் தேடுபவர் விடுதலைப் பயணத்தையும் புரட்ட வேண்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கடைசியாக, அளவு. தொடக்கத்தில் நாளுக்கு மூன்று அதிகாரங்களை இரு மொழிபெயர்ப்பிலும் வாசிப்பதாகத் திட்டமிட்டோம். முதல் நாளிலேயே பத்துக் கிலோமீட்டர் ஓடக் கிளம்பியவரின் திட்டத்தைப் போல அது இரண்டாம் வாரத்தில் நின்றுபோனது. இப்போது நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வசனங்கள்தான். ஒருவர் பழையதை உரக்க வாசிப்பார், அடுத்தவர் புதியதை வாசிப்பார். வேறுபடும் சொல்லைப் பென்சிலால் குறித்துக்கொள்வோம். மாற்குவின் பதினாறு அதிகாரங்களில் இப்போது ஏழாவதில் இருக்கிறோம்.