வேட்டைப் பறவை பழக்க ஆசையா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

புறாவைத் துரத்திப் பனங்கூடலுக்குள் பாயும் வைரியைக் கண்டுதான் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் பலருக்கு இந்த ஆசை பிடிக்கிறது. வளைகுடா நாடுகளில் இருந்து வரும் காணொளிகள் அதை இன்னும் வளர்க்கின்றன. கையுறையை எந்தக் கையில் போடுவது என்பதையெல்லாம் எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லித் தருவார். பறவையின் உயிரைக் குடிக்கும் தவறுகள் வேறு.

கூட்டில் இருந்து குஞ்சு எடுத்தல்

வைரி, செம்பருந்து, ராசாளி எல்லாமே இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். காயப்பட்ட குஞ்சு கிடைத்தால் வனசீவராசிகள் திணைக்களத்திடம் கொடுங்கள். பழக்கத்தான் வேண்டுமென்றால் பிரித்தானியா, கனடா போன்ற நாடுகளில், கூண்டில் பிறந்த பறவையோடு, அனுபவசாலி ஒருவரின் கீழ் பழகுங்கள்.

பட்டினி போட்டுப் பழக்குதல்

"தீனியை நிறுத்தினால் தானாய்க் கைக்கு வரும்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதில் சாவது பறவை.

பறவை பசிக்கு வருவது உண்மைதான். ஆனால் அது உடம்பில் வலு இருக்கும்போது வரும் பசியாக இருக்க வேண்டும். கொழுத்த நிலையில் 700 கிராம் உள்ள ஆண் ஹாரிஸ் பருந்து (அமெரிக்கக் கண்டத்து வேட்டைப் பறவை), பெரும்பாலும் 600 முதல் 630 கிராமில் நன்றாகப் பறக்கும். நாளுக்குச் சில கிராமாக, ஆறுதலாக அந்த எடைக்கு இறக்க வேண்டும்.

அடிக்கடி நடப்பது இதுதான். சனிக்கிழமை பறவை மரத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. ஞாயிறும் திங்களும் தீனி இல்லை. செவ்வாய் பாய்ந்து வருகிறது, பயிலுநருக்கு ஒரே புளுகம். புதன் இரவு கடும் குளிர். வியாழன் விடிய, இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடியபடி நிற்கிறது. பதறிப்போய் வயிறு நிறையக் கொடுக்கிறார். செரிக்க வலுவில்லாததால் இறைச்சி, விழுங்கிய தீனி முதலில் தங்கும் கழுத்தடித் தீன்பையிலேயே அழுகி நஞ்சாகிறது. அந்த நிலையில் வேண்டியது வெதுவெதுப்பான இடமும், எலும்பும் இறகும் நீக்கி நீரில் நனைத்த சிறு துண்டுகளும், உடனடியாகப் பறவை வைத்தியரும்தான்.

இந்த நிலை வராமல் இருக்க, 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு வாங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், தீன்பை வெறுமையாய் இருக்கையில், முதல் நாள் விழுங்கிய இறகும் எலும்பும் உருண்டையாகக் கக்கப்பட்ட பிறகு, அதே கால்வாரோடும் மணியோடும் நிறுங்கள். இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். மார்பெலும்பின் இரு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். சதை வற்றி எலும்பு கத்தியாய்த் துருத்தினால் அன்று பறக்கவிடக் கூடாது. கெஸ்ட்ரல் என்ற 200 கிராம் சிறு வேட்டைப் பறவைக்கு 10 கிராம் என்பது உடம்பில் 20இல் ஒரு பங்கு! யூன் மாதம் சரியாய் இருந்த எடை டிசம்பர் குளிருக்குப் போதாது.

எலும்பில்லாத கோழி இறைச்சி மட்டும் கொடுத்தல்

அதில் கல்சியம் மிகக் குறைவு. வளரும் பறவைக்குக் கால் எலும்பு வளைந்துவிடும். முழுக் காடை, முழு எலி, முழுக் கோழிக்குஞ்சு கொடுங்கள்.

பட்ட நூலில் கட்டிப் பறக்கவிடல்

வேண்டாம். காலை அறுக்கும்.

நீளமான கட்டுக்கயிறு

பறவையைக் கட்டிவைக்கும் கயிறு நீளமாய் இருந்தால், பாய்ந்த வேகத்தில் இழுபட்டுக் கால் முறியும்.

பொறுப்பாள் இல்லாமல் பறவை வாங்குதல்

ஹாரிஸ் பருந்து 20 ஆண்டுகளும் தாண்டி வாழும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால் 25 நாளும் அங்கே அதை நிறுப்பது யார்? அந்தப் பெயர் கையில் இல்லையென்றால் பறவைக்கு முற்பணம் கட்டாதீர்கள்.