படகில் கேமரா: ஈரத்துக்கு வழிவிடும் தவறுகள்

மொரிஷியசின் கிராண்ட் பே விரிகுடாவில் பாய்மரப் படகையே வீடாகக் கொண்டவர்களின் கேமராக்களை, மேலே தெறிக்கும் அலையைவிடக் கேபினுக்குள் தங்கிவிடும் ஈரக்காற்றே அதிகம் கெடுக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான கோடையின் நடுவில்தான் தைப்பூசமும் வருகிறது. காவடிகளைப் படமெடுத்துத் திரும்புபவர் வியர்வையில் ஊறிய தோள்வாரோடு கேமராவை அப்படியே காற்றுப்புகாப் பெட்டியில் பூட்டிவைப்பது முதல் தவறு. பெட்டி வெளியிலிருக்கும் ஈரத்தைத் தடுக்கும். உள்ளே அடைபட்டதையும் வெளியே விடாது. வாரைக் கழற்றித் தனியே உலர்த்திய பிறகே மூட வேண்டும்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை ஒருமுறை போட்டுவிட்டு மறந்துபோவது அடுத்தது. ஆரஞ்சு மணிகள் பச்சையாக மாறிவிட்டால் அவை நிறைந்துவிட்டன என்று பொருள்; ஏறத்தாழ 120 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருப்பதால் அவற்றைச் சமையல் அடுப்பில் சூடாக்கக் கூடாது. திறந்த அலமாரியில் இவற்றைப் பரப்பிவைப்பது, என் பார்வையில், காசைக் கடலில் போடுவதுதான். அதைவிடப் பெட்டிக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்றை வைத்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்வது மேல்.

உப்புப் படிந்த லென்சை உலர்ந்த துணியால் தேய்ப்பவர்கள் பலர். படிகங்கள் கண்ணாடியின் மேற்பூச்சைக் கீறும். துடைக்காமல் விட்டாலோ, ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் மழைக்கால உப்பு ஜாடியைப் போல நீர்விட்டு, உலோகப் பகுதிகளை அரிக்கத் தொடங்கும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் உப்பை ஒற்றியெடுத்து, பிறகு உலர்ந்த துணிக்கு வர வேண்டும்.

ஏசி கேபினிலிருந்து கேமராவை நேரே மேல்தளத்துக்குக் கொண்டுவந்தால், குளிர்ந்த கண்ணாடியில் நொடியில் பனி படியும். அந்த நிலையில் லென்சைக் கழற்றி மாற்றுவதைவிடப் பெரிய பிழை இல்லை: பனி உள்ளேயும், சென்சார்மீதும் படியும். இறுக மூடிய பையிலேயே அரைமணி முதல் ஒருமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு, அதன் பிறகு திறக்கலாம்.

படுக்கைக்கு அடியில், படகின் பக்கச் சுவரை ஒட்டிய அறைகளும் ஆகாதவை. கடல்நீர் தொடும் சுவர் குளிர்ந்திருப்பதால் அங்கே நீர் கோக்கும். தோல் உறை பூஞ்சைக்கு உணவு. கேமரா கடல்நீரில் விழுந்தால், வேலை செய்கிறதா என்று இயக்கிப் பார்க்காமல், முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அரிசியில் புதைப்பதால் தூசிதான் சேரும், உள்ளே போன உப்பு வெளியே வராது.