குன்னூரில் இரண்டு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஊட்டிக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி ஒரு டீ, ரெண்டு வர்க்கி பிஸ்கட், சிம்ஸ் பூங்கா வாசலில் ஒரு போட்டோ. நம்மில் பலருக்குக் குன்னூர் என்றால் இவ்வளவுதான். கோவைக்காரனான நானே பல வருஷம் அப்படித்தான் தாண்டிப் போயிருக்கிறேன். ஒருமுறை, சரி, இங்கேயே தங்கிப் பார்ப்போம் என்று போய், மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாவகாசமாக டால்பின் நோஸ் என்கிற மலைமுனைக்குக் கிளம்பினோம். போய் நின்றால், எதிரே வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி பனி. அருவியும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. பக்கத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த அக்கா, விசிறுவதை நிறுத்தாமலே சொன்னார்: "காலைல வரணுங்க. பன்னெண்டுக்கு மேல மூடிக்கும்."

இந்தப் பதிவு முழுக்க அந்த அக்கா சொன்ன ஒற்றை வரியின் விரிவுரைதான். குன்னூரில் பார்க்க இடம் நிறைய இருக்கிறது. எதை எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில், நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஊட்டிக்கு மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு, இங்கே வரும்போது இளைத்துப்போய்விடும். குன்னூரை உண்மையில் நனைப்பது வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து, மரம் விழுந்து, மலை ரயிலை நிறுத்தி வைப்பது அடிக்கடி நடக்கும். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள், இல்லையென்றால் ஆகஸ்ட், செப்டம்பர். மே மாதத்தில் பழக் கண்காட்சி நடக்கும், பார்க்கவேண்டியதுதான். ஆனால் மலைப்பாதையில் வாகனத்துக்குப் பின்னால் வாகனமாக நிற்கப் பொறுமை வேண்டும்.

ஸ்வெட்டர் எந்த மாதத்துக்கும் கட்டாயம். "கோவையிலேயே குளிருதே, போதும்" என்று வெறும் சட்டையோடு வந்த என் மச்சான், சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைவீதியில் இரண்டு மடங்கு விலை கொடுத்து ஒன்று வாங்கினான்.

படி 2: இ-பாஸ்

சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போனால் இது இல்லாமல் மலை ஏற முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் தொடங்கிய ஏற்பாடு. அரசு இணையதளத்தில் வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்று நிரப்பினால் போதும், காசு கிடையாது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் என்று வரம்பும் வைத்தார்கள். ஆகவே சீசனில் போகிறவர்கள் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனைத் தடவாமல் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் இந்தத் தொல்லையே இல்லை.

இன்னொன்று: நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் குடிநீர் இயந்திரங்கள் உண்டு.

படி 3: மேலே போகும்போது ரயில்

முதல்முறை போகிறவர்களிடம் நான் அடம்பிடிப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். காரை மேட்டுப்பாளையத்திலேயே நிறுத்திவிட்டு ரயிலில் ஏறுங்கள். காலை ஏழேகால் வாக்கில் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு தூங்கி எழுந்து, இறங்கி, எதிர் நடைமேடைக்குப் போனால் நிற்கும். டிக்கெட்டை முன்பதிவு திறக்கிற அன்றைக்கே போட்டுவிடுங்கள், வார இறுதி இடமெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

புதிதாக ஏறுகிறவர்கள் முதலில் தேடுவது எஞ்சினை. முன்னால் இருக்காது. மலை ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். கல்லாறு வரைக்கும் சாதாரண ரயில் மாதிரிதான் போகும். அங்கே வேகம் தணிந்து, அடியில் "கடக்" என்று ஒரு சத்தம் கேட்கும். காலுக்குக் கீழே அதை உணரவே முடியும். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கிற பற்களில் எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொள்கிற இடம் அது. அங்கிருந்து குன்னூர் வரை 12 அடி போனால் ஒரு அடி ஏறுகிற செங்குத்து. வெறும் சக்கரம் வழுக்கிவிடும், பல் கவ்வித்தான் ஏற முடியும். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் போட்ட பாதை இது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைப்பாதைகள், 208 வளைவுகள். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்காரர் கொடியோடு நிற்பார். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்னே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. முன்பெட்டிக்காரர் கொடி காட்ட, அடுத்தவர் பார்த்து அவர் காட்ட, அப்படியே பின்னால் எஞ்சின் வரை போய்ச் சேரும். வளைவில் திரும்பும்போது ஜன்னல் வழியாக அந்தக் கொடிகளைக் கவனியுங்கள். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் மூன்று மணி நேரமும் "எப்ப வரும்" என்று கேட்கமாட்டார்கள். ஹில்குரோவ் போன்ற நிறுத்தங்களில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும். அப்போது இறங்கிக் கால் நீட்டலாம், தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மட்டும் இறங்காதீர்கள். அங்கே இருக்கிற குரங்குகளுக்கு ரயில் நேரம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

படி 4: தங்குமிடம்

பேருந்து நிலையமும் சந்தையும் ரயில் நிலையமும் இருக்கிற கீழ்ப்பகுதி ஒரே இரைச்சல். மேல் குன்னூரில், சிம்ஸ் பூங்கா, பெட்போர்டு பக்கம் அறை எடுங்கள். மரமும் அமைதியும் அங்கேதான். அவ்வளவுதான் இதில் சொல்ல.

படி 5: முதல் நாள் மதியம், சிம்ஸ் பூங்கா

ரயில் வந்து சேர்ந்து, அறையில் பையைப் போட்டு, சாப்பிட்டு எழுந்தால் மதியம் ஆகிவிடும். பனி ஏறுகிற நேரம். இப்போது வியூ பாயின்ட் பக்கம் தலைவைக்காதீர்கள். பனி வந்தால் அழகு கூடுகிற ஒரே இடம் பூங்காதான்.

1874-ல் சென்னை அரசின் செயலாளராக இருந்த ஜே. டி. சிம் என்பவர் பெயரில் அமைந்தது. சுமார் 12 ஹெக்டேர். சமதளத்தில் பாத்தி கட்டிய தோட்டம் என்று நினைத்துப் போகாதீர்கள். மலைச்சரிவு இறங்குகிற போக்கிலேயே படிகளும் பாதைகளும் இறங்குகின்றன. அடியில் சின்ன ஏரி, அதில் படகு. இறங்கும்போது சுகமாகத்தான் இருக்கும். அத்தனையும் திரும்ப ஏறவேண்டும் என்பதை முட்டிவலிக்காரர்கள் மேலே நிற்கும்போதே நினைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா பாதி வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்க, நான் இந்த மரத்தைப் பார்த்துட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்தபோது எங்களைவிட அவரே அதிகம் பார்த்திருந்தார். அது ருத்ராட்ச மரமாம், பூங்கா ஊழியர் ஒருவர் கீழே விழுந்து கிடந்த காயைப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார். நீலநிறத் தோலை உரித்துப் பார்த்தால்தான் உள்ளே நமக்குத் தெரிந்த அந்தச் சொரசொரப்பான கொட்டை.

பூங்காவுக்கு எதிரே இருக்கிற பழைய கட்டடம் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட். 1907-ல் வெறிநாய்க்கடிக்குத் தென்னிந்தியாவில் மருந்து தரத் தொடங்கிய இடம். நம் தாத்தா காலத்தில் நாய் கடித்தால் "குன்னூர் ஊசி" என்று சொன்னது இதனால்தான்.

படி 6: இரண்டாம் நாள் காலை, மலைமுனைகள்

ஏழு மணிக்கு அறையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். டிபன் திரும்பி வந்து சாப்பிடலாம். லேம்ப்ஸ் ராக், லேடி கேனிங் சீட், டால்பின் நோஸ் மூன்றும் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. எல்லோரும் முதலில் வருகிற லேம்ப்ஸ் ராக்கில் இறங்கிவிடுவார்கள். நீங்கள் அதைத் தாண்டி, கடைசியில் இருக்கிற டால்பின் நோஸுக்கு நேரே போங்கள். ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில் வரும். பேருந்தும் உண்டு, ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைதான். ஜீப்போ ஆட்டோவோ என்றால் போய், காத்திருந்து, திரும்பி வர எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசிவிட்டு ஏறுங்கள்.

பாறை நீட்டிக்கொண்டிருக்கிற நுனியில் நின்றால் பள்ளத்தாக்குக்கு அப்பால், கோத்தகிரிப் பக்க மலையில் கேத்தரின் அருவி ஒரு வெள்ளைக் கோடாக விழும். சுமார் 250 அடி. கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது, அவ்வளவு தூரம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்று பாருங்கள். கீழேயிருந்து முதல் பனித்துண்டு கிளம்புவது தெரியும். ஆட்டுக்குட்டி அளவில் தொடங்கி மலைமடிப்பில் ஒட்டிக்கொண்டே மேலே ஏறும். அது அருவியை எட்டும்போது நீங்கள் திரும்பலாம்.

திரும்பும் வழியில் லேம்ப்ஸ் ராக். வண்டி நிற்கிற இடத்திலிருந்து சோலைக்குள் கொஞ்ச தூரம் நடக்கவேண்டும். மர நிழல் முடிந்ததும் சட்டென்று செங்குத்துப் பாறை, அதற்குக் கீழே கோவைச் சமவெளி. இந்தப் பாதையைப் போட்ட கேப்டன் லேம்ப் பெயர்தான் பாறைக்கும். தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போட்டோ எடுக்கும் வீரர்கள் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் பின்னால் போகாதீர்கள்.

துரூக், அதாவது பக்காசுரன் கோட்டைக்கு நடந்து போவது நல்ல அனுபவம்தான். ஆனால் நீண்ட நடை, காட்டுப் பாதை, அட்டைகள். முதல் பயணத்தில் வேண்டாம். போயே தீருவேன் என்பவர்கள் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

காட்டெருமை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். தேயிலைக்குள்ளே, சாலை ஓரத்தில், சிலநேரம் தங்கும் விடுதி வாசலிலேயே. பார்க்க நம்ம ஊர் எருமை மாதிரி சாதுவாக இருக்கும். ஒரு டன் எடைவரை வளருகிற மிருகம் அது. நின்றால் நீங்களும் நில்லுங்கள், அது போன பிறகு போகலாம். இருட்டினபின் தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கவே நடக்காதீர்கள், கரடி வரும்.

படி 7: மதியம், தேயிலை

பனி மூடிய பிறகு கூரைக்கு அடியில் போவதுதான் புத்திசாலித்தனம். குன்னூரைச் சுற்றிச் சில தொழிற்சாலைகள் உள்ளே விட்டுச் சுற்றிக்காட்டுகின்றன. பறித்த கொழுந்தை வாட்டி, நசுக்கி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலிப்பது வரை வரிசையாகப் பார்க்கலாம். நாலு நாலரை கிலோ பச்சைக் கொழுந்து உள்ளே போனால் ஒரு கிலோ தூள் வெளியே வரும். புளிக்க வைக்கிற இடத்தில் நின்று மூச்சை இழுங்கள். பச்சை வாசனை மாறி, நமக்குத் தெரிந்த டீ வாசனை பிறக்கிற இடம் அது.

வெளியே சரிவில் இடுப்பில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிறவர்களைப் பார்த்தால், கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். நான் கேட்டபோது ஒரு அம்மா சிரித்துக்கொண்டே, "ரெண்டு இலை, ஒரு மொட்டு, அதுக்கு மேல தொடக்கூடாது" என்று ஒரு கொழுந்தைக் கிள்ளிக் காட்டினார். பேச்சில் ஒரு இலங்கைச் சாயல். பாட்டி கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தவராம். 1964-ல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து அனுப்பப்பட்ட எத்தனையோ குடும்பங்களுக்கு வேலை கொடுக்க தமிழக அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டக் கழகம்தான் டான்டீ. அதன் தூள் பொட்டலத்தைக் குன்னூரில் நீங்கள் தாராளமாக வாங்கலாம்.

வாங்குகிற பட்டியலில் வர்க்கியும் இருக்கட்டும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சூடாக இருக்கும்போதே கவரில் கட்டினால் நமத்துவிடும், ஆறவிட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

படி 8: இறக்கம்

இறங்கும்போது ரயில் வேண்டாம், பேருந்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். பர்லியாறு அருகே வெயில் திரும்ப உடம்பில் படும், ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள். அங்கே 1871-லிருந்து அரசுப் பழப்பண்ணை ஒன்று இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் குவித்திருப்பார்கள். வாங்குவதற்கு முன் பழத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. போனமுறை என் மகள் ஒவ்வொரு பழமாகத் திருப்பி எண்ணி ஏழு இதழ் இருந்ததையெல்லாம் தனியாக எடுத்துவைத்தாள். கடைக்காரர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "பாப்பா, எட்டு ஒண்ணு இருக்கு, வேணுமா?" என்று தன் பக்கத்துக் கூடையில் கைவிட்டார்.