மந்திர வாளின் மதிப்பை அரிய வகைப் பட்டத்தில் தேடாதீர்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டின் 2014 விதிகளில், 'விஷஸ்' என்ற மந்திர ஆயுதம் 'அரியது' என்ற பட்டத்தோடு பட்டியலில் இருக்கும். பகடையில் 20 விழுந்தால் மட்டும் கூடுதலாக 7 சேதம். 20 முகப் பகடை என்பதால் ஓர் அடிக்குச் சராசரி வெறும் 0.35. அதைவிடக் கீழ்ப்பட்டமான +1 வாளே (அடிக்கும் பகடையிலும் சேதத்திலும் 1 கூடும்) மேல்.

கணக்கு எளிது: அடி விழும் வாய்ப்பைச் சராசரிச் சேதத்தால் பெருக்குங்கள். ஐந்தாம் நிலை வீரர், வலிமை +3, பயிற்சிக்கு இன்னொரு +3, கையில் சாதாரண நீள்வாள், எதிரியின் கவச எண் (அடி விழ எட்டவேண்டிய எண்) 15. பகடையில் 9 வந்தால் போதும், அதாவது 60%. சேதம் எட்டுமுகப் பகடையின் சராசரி 4.5-உம் வலிமை 3-உம் சேர்ந்து 7.5, அதை 60%-ஆல் பெருக்கினால் 4.5. இதே வாள் +1 ஆனால் சுமார் 5.5. +3 ஆனால் 7.9. தீ நாக்கு வாளோ இரண்டு ஆறுமுகப் பகடை கூட்டித் தருவதால் 8.7! பட்டத்தில் +3 வாளுக்கு ஒரு படி கீழே இருந்தும் இதுதான் முந்துகிறது. (கிரிட்டிகலை, அதாவது 20 விழுந்தால் சேதப் பகடைகள் இரட்டிப்பாவதை, விட்டுவிட்டேன், சேர்த்தாலும் வரிசை மாறாது.)

ஆனால் தீயை மூட்ட ஒரு போனஸ் ஆக்‌ஷன் (ஒரு முறையில் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்) போகும். சிவப்பு டிராகனிடமோ நரகப் பிசாசுகளிடமோ அந்தத் தீ பலிக்காது. கதை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், யார் கையில் என்பதும் முக்கியம். ரோக் (திருட்டுத்தனமாகத் தாக்கும் வகைப் பாத்திரம்) வழக்கமாக ஒரு முறைதான் அடிப்பார், தவறினால் ஸ்னீக் அட்டாக் என்ற அவருடைய கூடுதல் சேதமும் போச்சு. அவருக்கு +1 ரேப்பியரை (மெல்லிய குத்துவாள்) தயங்காமல் கொடுக்கலாம்.